கஞ்சி போட்ட கத்தி

ஓர் ஆனி மாதம் முழுக்க என் வலது உள்ளங்கை புளித்த கஞ்சி நாற்றம் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவினாலும், குழாயடியில் மண் அள்ளித் தேய்த்தாலும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெஞ்சின் மறு கோடிக்கு நகர்ந்து போனான், சுடுசோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் பழையதைத்தான் தின்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மாதம் கையை நாறவிட்டு நான் செய்து முடித்த ஒரு பொருளை, என் சொந்தக் குடும்பம், என் கண்ணெதிரிலேயே, ஒரு மாம்பழம் தின்று முடிகிற நேரத்துக்குள் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தது. நாற்பது வருஷமாகிறது. இந்நேரம் ஆறியிருக்குமே என்று நினைப்பவர்கள் என்னைத் தெரியாதவர்கள்.

அது ஒரு மடக்குக்கத்தி. விரல் நீளத்துக்கு அலகு, இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பில் செய்த பிடி, மடக்கினால் அலகு போய்ப் படுத்துக்கொள்ள நடுவில் ஒரு பள்ளம். நைனாவுடையது. நைனா என்றால் அப்பா. திருத்தணியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ், சண்டை என்று வந்துவிட்டால் இரண்டும். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, முடிச்சின் வாலை நறுக்குவதற்காக அந்தக் கத்தியை அவர் எப்போதும் இடுப்பு மடிப்பிலேயே வைத்திருந்தார். ஒரு கத்திரிக்கோல் வாங்கிய பிறகு கத்தி ஆணியில் தொங்கிய ஒரு பையில் ஓய்வெடுக்க ஆரம்பித்தது. ஓய்வெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், மலைப் படியில் உட்கார்ந்து அதன் பிடியால் வாதாங்கொட்டை உடைத்தேன். எங்கள் முருகன் கோயிலுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று சொல்வார்கள். நான் உட்கார்ந்த படி எந்த நாளுக்கானதோ, அது நல்ல நாளில்லை. ஏழாவது கொட்டைக்குக் கொட்டை தப்பித்தது, கொம்பு உடைந்தது. ஒரு பக்கம் மூன்று துண்டு. இன்னொரு பக்கம் நீளவாக்கில் விரிசல் விட்டு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

புத்தகப் பைக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை அம்மா மறுநாளே கண்டுபிடித்தாள். தறிச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் தறிச் சத்தம் நின்றால் ஒன்று மின்சாரம் போயிருக்கவேண்டும், இல்லை என் முதுகுக்கு வேலை வந்திருக்கவேண்டும். எங்களுடையது கைத்தறி, மின்சாரத்துக்கு அதில் வேலையில்லை. ஆனால் அன்று நைனா அடிக்கவில்லை. உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

"எவன் ஒடச்சானோ அவனே புடி போடணும். புடி போட்டவனுக்குத்தான் கத்தி. ஆடி பொறக்கறதுக்குள்ள போட்டுட்டா உன்னுது. போடல, உன் முதுகுத் தோலை உரிச்சு நான் போட்டுடுவேன்."

வாசகர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தரம் திரும்பப் படித்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் ஏதாவது சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா? "மாப்பிள்ளை வந்தால் நீங்கலாக" என்று எங்காவது ஒரு வார்த்தை இருக்கிறதா? இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் தன் தகப்பனின் வார்த்தையை நம்பி வேலையில் இறங்கினான். அவன் செய்த ஒரே குற்றம் அதுதான். கத்தியை உடைத்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

முதலில் அம்மாவின் பிளாஸ்டிக் சீப்பை அடுப்பில் உருக்கி ஒட்டிப் பார்த்தேன். சீப்பு உருகியது, தோசைக்கல்லின் மேல். அதற்குரிய மரியாதையைப் பெற்றுக்கொண்ட பிறகு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேற புடி தேடறதைவிட நீ வேற நைனா தேடிக்கலாம், அது சுளுவு" என்றார். அந்த யோசனையை அப்போது ஏற்றுக்கொள்ளாதது பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

பிறகுதான் வீட்டுக்குள்ளேயே கண்ணைத் திருப்பினேன். பரணில் ஓர் உடைந்த "நாடா" கிடந்தது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி நூலை விட்டுச் செல்கிற, சின்னப் படகு மாதிரியான மரச்சாமான் அது. ஆயிரக்கணக்கான முறை அடிபட்டும் அசையாத மரம். அதிலிருந்து இரண்டு சில்லு பெயர்த்து, துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கொம்புப் பிடியின் அளவுக்குக் கொண்டுவந்தேன். இதற்குப் பத்து நாள் பிடித்தது. கல்லில் மரத்தோடு என் விரல் நுனியும் சேர்ந்து தேய்ந்ததால் அந்தப் பத்து நாளும் வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை என்பதை ஒரு துணைப் பலனாகச் சொல்லலாம். கிழிந்த குடையிலிருந்து கம்பி உருவி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சில்லுகளில் ஓட்டை போட்டேன். அதே கம்பியை நறுக்கி ஆணியாக்கி, இரண்டு பக்கமும் தட்டி இறுக்கினேன். கடைசி ஆணிக்குக் கடைசித் தட்டு தட்டியபோது ஒரு சில்லு குறுக்கே பிளந்தது.

அழுதேனா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம்.

அழுதுகொண்டே தெருவுக்கு வந்தால், அங்கே பாவு நீட்டியிருக்கிறார்கள். விடிகாலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, பெரிய "குச்சம்" என்கிற தூரிகை வைத்து வாரிவிடுவார்கள். வெயில் ஏற ஏற, தொளதொளவென்று கிடந்த நூல் கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும். பசை என்றால் கடையில் விற்கும் பசை மற்றவர்களுக்கு நினைவு வரும். நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு உலகத்தில் எது தொய்ந்து போனாலும் மருந்து ஒன்றே ஒன்று: கஞ்சி. மிச்சமான கஞ்சியை ஒரு கொட்டாங்கச்சியில் வாங்கி வந்து, சிவப்பு நூலை அதில் முக்கி, பிளந்த பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு சுற்று, வெயிலில் காயவைப்பது, மேலே கஞ்சி, மறுபடி ஒரு சுற்று. ஏழு சுற்று. கொட்டாங்கச்சியில் கஞ்சி புளித்தது, கையும் புளித்தது, ஆனால் பிடி கல் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தட்டிப் பார்த்து, டொக் டொக் என்ற சத்தத்தில் மெய்மறந்து, கத்தியைத் திறக்கப் போனேன்.

திறக்கவில்லை. கையில் கீறிக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் அலகை மடக்கி வைத்துக்கொண்டே சுற்றியிருந்தேன். நான் செய்திருந்தது கத்திக்குப் பிடியில்லை, கத்திக்குச் சமாதி.

ஏழு சுற்றையும் அவிழ்த்தேன். இந்த முறை புத்திசாலியாக அலகைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றினேன். இன்னும் ஏழு சுற்று, இன்னும் ஒரு வாரம். இப்போது கத்தி மடங்கவில்லை. அலகு போய்ப் படுக்க வேண்டிய பள்ளத்தை நூல் மூடியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு தபா தெறக்காது, ஒரு தபா மூடாது. உன் வாய் மாதிரியே செஞ்சு வெச்சிகீறே" என்றாள்.

ஆனி முடிய மூன்று நாள் இருந்தது. பள்ளத்தின் மேல் நூலைச் சவர பிளேடால் நேராகக் கீறி, அறுந்த ஓரங்களை ஒவ்வொன்றாக மரத்தோடு படியவைத்து, மேலே கெட்டிக் கஞ்சி பூசி, வெயில் நகர நகர நானும் கத்தியை நகர்த்திக்கொண்டே பின்னால் போனேன். மூன்றாம் நாள் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. நைனா கையில் வாங்கி, இரண்டு தரம் திறந்து மூடி, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "ம்" என்றார். எங்கள் நைனாவின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கத்தி என்னுடையதாயிற்று. எத்தனை நாளைக்கு என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாளைக்கு.

அந்த வைகாசியில்தான் எங்கள் வசந்தா அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை பள்ளிப்பட்டு, அக்கா புருஷனை நாங்கள் "பாவா" என்போம். ஆடி முதல் நாள் புது மாப்பிள்ளைக்கு விருந்து. எங்கள் பக்கத்தில் அந்த விருந்துக்கு எழுதாத ஒரு சட்டம் இருந்தது: புது மாப்பிள்ளை எந்தப் பொருளையாவது கையில் எடுத்து "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டால், அதை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கக் கூடாது. அவர் கேட்கவில்லை, சும்மா சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. இந்தச் சட்டம் தெரிந்த அம்மா முதல்நாளே டிரான்சிஸ்டரை அரிசித் தவலைக்குள் புதைத்தாள். வெண்கலச் செம்பு பக்கத்து வீட்டுக்குப் போனது. நைனா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மண்சட்டிக்குள் வைத்தார். வீடு திருடனுக்குத் தயாராவதைப்போல் தயாரானது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னைப் பார்த்து "உன் கத்தியையும் ஒளிச்சு வைடா" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. இங்கேதான் என் வயிறு இன்றைக்கும் எரிகிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கத்தியைக் காட்டியது நான்தான். விருந்து முடிந்து பாவா ஊஞ்சலில் உட்கார்ந்ததும் அம்மா நீலம் மாம்பழத்தைத் தட்டில் கொண்டுவந்தாள். வெட்டுவதற்கு அரிவாள்மணையை எடுக்கப் போனவளை முந்திக்கொண்டு, டிராயர் பையிலிருந்து கத்தியை உருவி, ஒரு விரலால் படக்கென்று திறந்து, கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டுவதைப்போல நீட்டினேன். பெருமை கண்ணை மறைக்கும் என்பார்களே, எனக்குக் கண், காது, மூளை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பாவா பழத்தைச் சீவினார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியது. அலகைத் துடைத்து, மடக்கி, பிடியைத் தடவிப் பார்த்தார். வாயில் மாம்பழத்தோடு சொன்னார்.

"கத்தி நல்லாக் கீதே மச்சான்."

மாம்பழத்தை அவர் விழுங்குவதற்கு முன்பே அம்மா, "எடுத்துக்கோங்க மாப்ளே" என்றாள். சட்டம் தெரிந்த வாய்.

நான் நைனாவைப் பார்த்தேன். நைனா உத்திரத்தைப் பார்த்தார். "நைனா, புடி போட்டவனுக்குத்தான் கத்தின்னு நீதானே சொன்னே?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அவர் உத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கோர்ட்டில் எந்த வக்கீலும் சொல்லத் துணியாத ஒரு வாதத்தைச் சொன்னார்.

"ஆங், சொன்னேன். இப்பவும் அது உன் கத்திதான். உன் கத்தியைத்தான் பாவாவுக்குக் குடுக்கறோம்."

அக்கா சிரித்தாள். பாவா, "வேணாம் மாமா, கொழந்தை ஆசையா வெச்சிகினு கீது" என்று ஒரு தரம் சொன்னார். ஒரே தரம். அம்மா "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றதும் கத்தி சட்டைப் பைக்குள் போய்விட்டது. சட்டையும் நாங்கள் எடுத்துக் கொடுத்ததுதான்.

நான் அன்றே உண்ணாவிரதம் தொடங்கினேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்த போராட்டம் மூன்றரை மணிக்கு வடை சூடாறிக்கொண்டிருந்த காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது. ஆடிக் கிருத்திகை அன்று காவடிக் கூட்டத்தில் இடிபட்டு மலையேறி முருகனிடமே முறையிட்டேன். போரெல்லாம் முடிந்து அவருடைய கோபம் தணிந்து வந்து நின்ற மலை இது என்பதால்தான் எங்கள் ஊருக்கே தணிகை என்று பெயர். தப்பான இடத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன் என்பது கீழே இறங்கி வரும்போதுதான் உறைத்தது. கோபத்தை விட்டுவிட்டவரிடம் போய் என் கோபத்துக்கு ஆதரவு கேட்டால்?

அதற்குப் பிறகு பாவா வீட்டுக்கு வந்தால் நான் புழக்கடைப் பக்கமாக வெளியே போவேன். பள்ளிப்பட்டுக்கு நாங்கள் போனால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். வளர்ந்து, மீசை வந்து, அரக்கோணத்துக்குத் தினம் ரயிலில் போகிற வேலையும் வந்து, எனக்கே கல்யாணமாகி நானும் ஒரு வீட்டில் ஆடி மாப்பிள்ளையாக உட்கார்ந்தபோதும் (எதையும் நல்லாயிருக்கிறது என்று சொல்லாமல் எழுந்து வந்தேன், மாமியார் இன்றுவரை மனத்தாங்கலில் இருக்கிறார்) அந்தக் கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். நாற்பது வருஷத்தில் அந்தக் கத்தியை நான் ஒரு தரம்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. திருடிய பொருளை யார் வெளியில் எடுப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அக்காவின் பேத்தி, எட்டாவது படிக்கிறவள், மலையேறிச் சாமி கும்பிட வந்து எங்கள் வீட்டில் இறங்கினாள். நான் கூரியரில் வந்த பார்சலின் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டு, "எங்க தாத்தாகிட்ட கத்தி கீது. சரக்குனு கிழிச்சிடுவாரு. அவரே புடி போட்ட கத்தி" என்றாள்.

டேப் வாயிலேயே நின்றது. "யாரு போட்ட புடி?" என்றேன்.

"தாத்தாதான். அவரே சொல்வாரே."

கத்தியை எடுத்துக்கொண்டார், சரி. ஊர்ச் சட்டம், சரி. ஆனால் என் பிடியை? துவைக்கிற கல்லில் என் விரலோடு தேய்ந்த மரத்தை, பதினான்கு சுற்று சுற்றிய நூலை, தான் செய்ததாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாராமே அந்த மனுஷன். மறுநாள் லீவு போட்டேன். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே போனேன். பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே பேசி முடித்தேன். முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பாவா விசைத்தறிக்கு வந்த நூல் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா, "என்னாடா திடீர்னு, வேலைக்குப் போகல?" என்றாள். நான் நேராகப் பாவாவிடம், "அந்தக் கத்தியைக் குடுங்க பாவா, பாக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையிலிருந்ததை அப்படியே நீட்டினார்.

அலகு எனக்குத் தெரிந்த அலகு, தீட்டித் தீட்டிப் பாதியாகியிருந்தது. பிடி எனக்குத் தெரியாத பிடி. கருவேல மரம்போல இருந்தது. வழவழவென்று, இரண்டு பக்கமும் பித்தளை ஆணி, கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. சிவப்பு நூல் ஓர் இழை இல்லை. திருப்பிப் பார்த்தேன், பள்ளத்துக்குள் பார்த்தேன். என்னுடையது என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட அதில் இல்லை.

"உன் புடி பதினோரு நாள் நின்னுச்சு மச்சான்" என்றார் பாவா. "அலமாரியில வெச்சிருந்தேன். எலி தின்னுட்டுப் போயிடுச்சு."

"எலி இல்ல, கரப்பான்" என்றாள் அக்கா.

"எலிதான். பல்லு பட்ட எடம் தெரிஞ்சுதே."

"எலின்னா நூலோட இழுத்துகினு போயிருக்கும். மேல இருந்த கஞ்சியைச் சுரண்டித் தின்னுட்டு நூலை அப்படியே உட்டுட்டுது. கரப்பான்தான்."

இருவரும் நாற்பது வருஷமாக இதைத் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி போட்ட பாவை எலிக்கும் பூச்சிக்கும் எட்டாமல் உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிற வீட்டில் பிறந்தவன் நான். தொட்டிலில் படுத்திருந்தபோதே மேலே அதுதான் தொங்கியது. அப்படிப்பட்டவன் ஏழு சுற்று நூலுக்கு ஏழு பூச்சு அரிசிக் கஞ்சி ஊட்டி, கரப்பானுக்கு விருந்து கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். இந்தக் கோபத்துக்காவது நியாயம் இருக்க வேண்டுமே.

பாவா மூட்டைத் தையலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்; அது சரசரவென்று முழுக்கப் பிரிந்து வந்தது. "சொல்லத்தான் வந்தேன், அந்தத் தீபாவளிக்கே. நீ மூஞ்சியைத் திருப்பிகினு புழக்கடைப் பக்கம் பூட்டே. பொங்கலுக்கு வந்தேன், அப்பவும் பூட்டே. ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னா சொல்லலாம். அப்புறம் மீசை வெச்ச ஆளைக் கூப்ட்டு உக்கார வெச்சு, உன் புடியைப் பூச்சி தின்னுடுச்சின்னு என்னான்னு சொல்றது? வேணும்னா இப்ப எடுத்துகினு போ."

எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. கை நீளப் பார்த்தது. ஆனால் எந்தத் தீர்ப்பை நாற்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்கினேனோ அந்தத் தீர்ப்பின்படியே, பிடி போட்டவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனுக்குத் தன் கேஸின் பலம்கூடத் தெரிந்திருக்கவில்லை. கத்தியை மடக்கி அவர் கையிலேயே வைத்தேன். அக்கா சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன், இந்த முறை உள்ளே, கூடத்தில்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு நல்ல கோபம் அது. எந்தக் கல்யாணத்துக்கும், எந்தத் தீபாவளிக்கும், எப்போது எடுத்தாலும் சூடாக இருந்தது. இப்போது அதை யார்மேல் வைப்பது? நைனா இல்லை. அம்மாவும் இல்லை. எங்கள் தெருவில் பாவு நீட்டுவது நின்று போய், நடுவில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. நாற்பது வருஷத்துக்கு முன் பள்ளிப்பட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு கரப்பான்பூச்சிமேல் வைக்கலாம் என்றால், அது எலியா கரப்பானா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்தே, "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். பாவா அவளுக்கு அண்ணன் முறை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு என்னிடம் "திருடனுக்கு என்ன குறை?" என்று ஒரே பதில்தான். வாய் அதற்கே தயாராகத் திறந்தது. திறந்த பிறகு அந்த வார்த்தை அங்கே இல்லை.

"நல்லா இருக்காரு" என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.